உப்புக்கை

அப்பா அம்மா அவளுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பாவம், அது சம்பளக் கையெழுத்துக்கு மட்டுமே பயன்பட்டது. அந்தப் பூச்சுத் தொழிற்சாலையில் வாசல் காவல்காரர் முதல் வேன் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் காயலக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதென்ன பெயர் என்று முழிப்பார்கள். கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்தால் தானே விளங்கிவிடும். "அக்கா, அந்தத் தகடு முடிஞ்சுதா?" என்று யார் வந்து நின்றாலும், தலையைக்கூடத் தூக்காமல் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இன்னும் காயல." தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டாது. காய்ந்ததுபோலத்தான் இருக்கும். உள்ளே காயவில்லை என்பாள். மேலே காய்வது பாசாங்கு, உள்ளே காய்வதுதான் காய்வது என்பது அவள் கட்சி.

அவள் வேலை இரும்புக்குப் பூச்சு உருவாக்குவது. ஒரு டப்பாவில் பிசின், இன்னொரு டப்பாவில் அதைக் கெட்டியாக்கும் மருந்து. இரண்டையும் கலந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதற்குள் தகட்டில் அடித்தாக வேண்டும். அசந்தால் போச்சு, கலக்கிய குச்சியோடு டப்பாவே கட்டிப்போய்விடும். அப்படிக் கட்டிப்போன டப்பா ஒன்று, குச்சி நட்டுக்கொண்டு, காகிதம் பறக்காமலிருக்க அவள் மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. பாலத்து இரும்பு, தண்ணீர்த் தொட்டி, சிமெண்டுக்குள் புதைகிற கம்பி, கூரைத் தகடு என்று மழையிலும் உப்புக்காற்றிலும் கிடக்கிற எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தோல் வேண்டும். துரு என்பது லேசுப்பட்ட எதிரி இல்லை. ஊசிமுனை இடம் கிடைத்தால் போதும், உள்ளே போய்க் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

அவள் முதலில் செய்த பூச்சு கண்ணாடிபோலக் கெட்டியாக வந்தது. நாலு வெயில் பட்டதும் வெடித்தது. சரி, கொஞ்சம் இளக்கிப் பார்க்கலாம் என்று செய்தால், ஊரிலுள்ள தூசியெல்லாம் அதில் வந்து குடியேறியது. அடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது. மழைக்கு வெங்காயச் சருகாக உரிந்தது. இப்படியே எத்தனை தடவை. பிசினை மாற்றுவது, மருந்தின் அளவை மாற்றுவது, தகட்டில் அடிப்பது, காயவிடுவது, கத்தியால் கீறுவது, உப்புத் தண்ணீரைப் புகையாக அடிக்கும் பெட்டிக்குள் வைப்பது, பிறகு காத்திருப்பது. காத்திருந்து திறந்தால் கீறலின் இரண்டு பக்கமும் துரு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து. அலுக்காதா? அலுத்துத்தான் போனது. காலையில் மாடிப்படி ஏறும்போதே முட்டிக்கு முன்னால் மனசு வலித்தது. ஆனாலும் போனாள். வேறு என்ன செய்ய?

அவளுடைய கணவர் ஒரு தையல்காரர். வீட்டின் முன் அறைதான் கடை. "நான் மனுசனுக்குச் சட்டை தைக்கிறேன், இவ இரும்புக்குத் தைக்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "என் சட்டை கிழிஞ்சாத்தான் எனக்கு அடுத்த வேலை. இவ சட்டை கிழிஞ்சா இவளுக்கு வேலையே போயிடும்." வேடிக்கைக்குச் சொன்னதுதான். கடைசியில் அது வேடிக்கையாக இல்லாமல் போனது வேறு கதை. இல்லை, அதே கதைதான்.

மனிதருக்குக் கைராசி என்று தெருவே சொல்லும். அவரிடம் முதல் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனால் வேலை கிடைக்கும் என்று நம்பிய இளவட்டங்கள் உண்டு. ஆனால் இரும்புக்கு அந்தக் கை ஆகாது. அப்படி ஒரு உப்பு வியர்வை. தொட்ட ஊசி துருப்பிடிக்கும், கத்தரிக்கோல் துருப்பிடிக்கும், பூட்டுச் சாவி பழுப்பாகி நிற்கும். வெள்ளைத் துணி தைக்கும்போது கையில் முகப்பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொள்வார். அவள் வேலை செய்யும் இடத்திலும் இப்படிப்பட்ட கைகளைப் பற்றிப் பேச்சு உண்டு. சிலருடைய வியர்வை இரும்பைத் தின்னும், அவர்களைத் தகட்டுப் பக்கம் விடக் கூடாது என்பார்கள். "நீங்க மட்டும் எங்க கம்பெனியில சேந்திருந்தா ஒரே நாள்ல இழுத்து மூடியிருப்பாங்க" என்பாள் அவள். அவருக்கு அதில் பெருமைதான்.

இன்னொரு பழக்கம். ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டுகிற சின்ன உலோகத் தொப்பி இருக்கிறதல்லவா, அதை அவர் கழற்றவே மாட்டார். மறந்துவிடுவார். அதோடு சந்தைக்குப் போவார், அதோடு வந்து சாப்பாட்டுக்கு உட்காருவார். "தொப்பியைக் கழட்டிட்டுத் தூங்குங்க" என்று அவள் ராத்திரிக்கு ராத்திரி சொல்ல வேண்டியிருந்தது. தலையில் தொப்பியே இல்லாத மனிதரிடம் இப்படிச் சொல்கிறாளே என்று, பக்கத்து வீட்டில் யாரோ அவளைச் சந்தேகமாகப் பார்த்ததும் உண்டு.

போன வருஷம் ஒரு மத்தியானம், சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. தொழிற்சாலையிலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது விரலில் தொப்பி இருந்தது. அதைக் கழற்றியது அவள்தான்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள், அவ்வளவே. யாரும் குறை சொல்ல முடியாதபடி எல்லாம் செய்தாள். ஆனால் உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சீக்கிரம் சார். எதைப் பேசினாலும் அந்தச் சொல்லில்தான் முடிப்பார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, அவரை விரட்ட அவருக்கு மேலே ஆள் இருந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். கடலோரத்தில் பாலம் கட்டுகிறவர்கள் அவளுடைய பூச்சைக் கேட்டிருக்கிறார்கள். அதற்காகக் கடற்கரையில் இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் பூசித் தொங்கவிட்ட தகடுகளை இப்போது இறக்கிப் பார்க்க வேண்டும். எல்லாத் தகடும் சுத்தமாக இருந்தால் பாலத்து இரும்பு முழுவதும் அவள் பூச்சுதான். ஒன்று கெட்டிருந்தாலும் வேண்டாம் என்று விடுவார்கள். அப்படி விட்டால் கம்பெனி இனிமேல் வெளியிலிருந்து ஆயத்தப் பூச்சை வாங்கி டப்பாவில் ஊற்றி விற்கும். சோதனை அறைக்குப் பூட்டு. அவளுக்கு டப்பாவில் சீட்டு ஒட்டுகிற கொட்டகையில் இடம் தருவார்கள்.

"சீக்கிரம் பாத்துச் சொல்லிடுங்கம்மா" என்று முடித்தார்.

படியிறங்கி வரும்போது அவள் மனசில் ஓடியதைச் சொன்னால் அவளே வெட்கப்படுவாள். கெட்டுத்தான் போகட்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீட்டு ஒட்டுகிற வேலைக்கு யோசனை எதுவும் வேண்டாம். பசையைத் தடவி, ஒட்டி, மணியடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம். மறு நிமிஷமே, அத்தனை வருஷமும் சும்மாதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தவை இரண்டு. ஒன்று மகள், இன்னொன்று இந்தப் பூச்சு. மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகி அவள் பாட்டுக்கு நன்றாக இருந்தாள். பூச்சைப் பற்றித்தான் இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

கடற்கரைக்கு அவளோடு போனவர் மணலண்ணன். தகடுகளின் மேல் மணலைப் பீய்ச்சியடித்துப் பழைய அழுக்கெல்லாம் போக்குகிற வேலை அவருக்கு. அதனால் அந்தப் பெயர். வேனை அவரே ஓட்டினார். தகடுகள் தொங்கிய இரும்புச் சட்டம் அலைக்கு எட்டாத தூரத்தில், ஆனால் நீர்த்துளி வந்து விழுகிற தூரத்தில் நின்றது. சட்டமே பாதி துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. தகடுகளோ சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தன. அவள் ஒவ்வொன்றாக இறக்கித் துணியால் துடைத்துச் சாய்த்துப் பார்த்தாள். வெடிப்பு இல்லை, உரிவு இல்லை, கீறிவிட்ட இடத்தில்கூடத் துரு கோட்டைத் தாண்டவில்லை. மணலண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. ரொம்ப நாளாயிற்று அது வந்து.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருப்பீர்கள். கடைசி வரிசையின் ஓரத்தில் தொங்கிய தகட்டைத் துடைக்கும்போது அவள் விரலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. கொப்புளங்கள். தகட்டின் விளிம்பை ஒட்டி, நீள்வட்டமாக, பூச்சு உப்பி நின்றது. மணலண்ணன் எட்டிப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இவ்வளவு காலம் இந்தத் தொழிலில் இருந்தவளுக்குக் கொப்புளத்தைப் பார்த்தால் அதன் குலம் கோத்திரம் தெரியும். பூச்சே மோசமாக இருந்தால் தகடு பூராவும் பொரிப்பொரியாகக் கிளம்பும். இது அப்படி இல்லை. பூசுவதற்கு முன்னால் வெறும் இரும்பை யாரோ தொட்டிருக்கிறார்கள். விரலின் உப்பு பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, வெளியிலிருந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி உறிஞ்சி வீங்கியிருக்கிறது. எந்த மடையன் கையுறை போடாமல் தொட்டான் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு இன்னொரு முறை பார்த்தாள்.

மூன்று கொப்புளங்கள். முதலில் ஒன்று, பிறகு ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, பிறகு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஆள்காட்டி விரல், இடைவெளி, மோதிர விரல், சுண்டு விரல். திருப்பினாள். பின்பக்கம் கட்டைவிரல். நடுவிரல் மட்டும் பதியவில்லை. ஈரமில்லாத ஏதோ ஒன்றை அது மாட்டியிருந்திருக்கிறது.

அவள் அந்தத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். மணலண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்தத் தகடுகளுக்குப் பூசிய நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விட்டு விட்டு மழை. காற்றே ஈரமாக இருந்தது. காலையில் தகடுகளுக்கு மணலடித்துக் கொடுத்துவிட்டு மணலண்ணன், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்து ஓடிவிட்டார். மணலடித்த வெறும் இரும்பு ஈரக்காற்றில் பொழுதுக்கும் நிற்காது, சாயங்காலத்துக்குள் பழுப்பேறிவிடும். கூடமாட ஒரு கை வேண்டும், ஆளில்லை. வீடு பக்கம்தான். அவள் கணவருக்குப் போன் செய்தாள். வெளியாட்களை அந்த அறைக்குள் விடக் கூடாது என்பது விதி. அவர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார். உறையைக் கொடுத்து, இதைப் போட்டுக்கிட்டுத்தான் தொடணும், உங்க கையைப் பத்தி உங்களுக்கே தெரியும் என்று பத்துத் தடவை சொன்னாள். நல்ல பிள்ளையாகப் போட்டுக்கொண்டார். அவள் மூலையில் பிசினைக் கலக்கிக்கொண்டிருக்க, அவர் தகடுகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு முறை ஏதோ 'டங்' என்றது. "என்னங்க?" என்று திரும்பாமலே கேட்டாள். கலக்க ஆரம்பித்தால் திரும்ப முடியாது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ உன் வேலையைப் பாரு" என்றார்.

ஒன்றுமில்லையாம். தொப்பி மாட்டிய விரலுக்கு உறை இறுக்கியிருக்கும். வலது கை உறையைக் கழற்றியிருப்பார். தகடு நழுவியிருக்கும். கீழே விழுந்து நசுங்கினால் இவளுக்குக் கஷ்டமாச்சே என்று வெறுங்கையால் பிடித்திருப்பார். பிடித்ததைச் சட்டையில் ஒரு துடை துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, திட்டு விழுமே என்று வாயை மூடிக்கொண்டார். அப்போதே சொல்லியிருந்தால் கரைப்பான் ஊற்றிக் கழுவி ஒரு நொடியில் சரி செய்திருப்பாள். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சட்டை பொத்தான் அறுந்தால்கூட ஊரைக் கூட்டுகிற மனிதர், இதை மட்டும் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் போன பிறகு அவர்மேல் வந்த முதல் கோபம் அது. கோபித்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருப்பதுபோலவே இருந்தது.

திரும்பி வரும்போதும் மணலண்ணன்தான் வண்டி ஓட்டினார். விஷயத்தை அவள் சொன்னதும், தான் அன்றைக்கு ஓடிப்போகாமல் இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அந்தத் தகட்டைக் கடல் அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம். யாரு வந்து பாக்கப் போறா? நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. உங்களுக்கும் ஆச்சு, பூச்சுக்கும் ஆச்சு."

நல்ல யோசனைதான். தகடும் முழுசாகக் கிடைக்கும், பாலமும் கிடைக்கும். வேலைக்குச் சேரும் ஒவ்வொரு ஆளுக்கும் அவள் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு. துருவுக்கு மேலே பூசாதே. மூடி மறைத்தால் இன்றைக்குப் பளபளக்கும், நாளைக்கு மொத்தமாக எழுந்துவரும்.

"துருவுக்கு மேல பூசற வேலைதானே அண்ணே இது?" என்றாள்.

மறுநாள் காலை பாலத்து இன்ஜினியர் வருகிறார். தகடுகளை அன்றைக்குச் சோதனை அறையில் வைத்துப் பூட்டினாள். அந்த ஒன்றை மட்டும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன் அறையில் தையல் மிஷின் மூடி போட்டபடி இருந்தது. அந்த அறையைச் செல்போன் பழுது பார்க்கிற ஒருவர் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் சரி என்றுவிட்டாள், மிஷினை நகர்த்த வேண்டியதுதான் பாக்கி. அவள் தகட்டை மிஷின்மேல் வைத்தாள். மகள் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே மகள் தன் விரல்களை எடுத்து அந்தக் கொப்புளங்களின்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் விரல் சின்னது, எட்டவில்லை. நடுவிரலை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

"அப்பாதான்" என்றாள்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று மகள் கேட்டாள். அவள் மறைக்காமல் சொன்னாள். கை பட்டதுதான் காரணம் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, தகட்டைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். கொப்புளத்தைக் கத்தியால் திறந்து பூச்சை உரித்தால், அடியில் விரல் வடிவத்தில் துரு இருக்கும். பூச்சு மோசமில்லை என்று அதுதான் சாட்சி. ஆனால் திறந்துவிட்டால் அந்த இரும்பு வெறும் இரும்பு. காற்றுப் பட்டு நாலு நாளில் எல்லாம் ஒரே துருவாகிவிடும். விரலும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

"அப்ப திறக்காதம்மா" என்றாள் மகள். "கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு விட்டுடு. உனக்குத்தான் அலுத்துப்போச்சுன்னு தினம் சொல்றியே. வேலையே வேணாம், நான் சம்பாதிக்கிறேன். இது நம்மகிட்டயே இருக்கட்டும்."

அவள் உடம்பு அந்தப் பேச்சில் அப்படியே சாய்ந்துகொள்ளப் பார்த்தது. பொய் சொல்லவில்லை, அவளுக்கு நிஜமாகவே அவ்வளவு அசதி. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள், மிஷின் மூடியில் மாட்டியிருந்த சின்ன வெட்டுக்கத்தியைப் பார்த்தாள். தையல் தப்பினால் நூலைப் பிரிக்கிற கத்தி. அளவு அரை விரற்கடை தப்பினாலும் முழுச் சட்டையையும் பிரித்துப் போட்டுவிடுவார் அவர். பார்க்கிறவர்களுக்குத்தான் வயிறு எரியும். "பிரிக்க மனசு வராதவன் தைக்க வரக் கூடாது" என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டு மறுபடி தைக்க உட்காருவார்.

"உங்கப்பா இருந்தா பிரிச்சிருப்பாரு" என்றாள். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இன்ஜினியர் அதிகம் பேசாத மனிதர். மற்றத் தகடுகளை எல்லாம் நிதானமாகப் பார்த்தார், தட்டினார், ஒட்டுநாடாவை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கடைசித் தகட்டை அவளே எடுத்து அவர் முன்னால் வைத்தாள். சீக்கிரம் சாருக்கு முகம் செத்துப்போனது. அவள் நடந்ததைச் சொன்னாள். தன் கணவரைத்தான் உதவிக்குக் கூப்பிட்டதாகவும், அது தன் தப்பு என்றும் சொன்னாள். விதி என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று சீக்கிரம் சார் அங்கேயே சத்தம் போட ஆரம்பித்தார். இன்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விரல் பட்டுக் கெட்டதை நானும் பாத்திருக்கேன். ஆனா நீங்க சொல்றதை வச்சு நான் எழுத முடியாதும்மா. திறந்து பாத்துடலாமா?"

"நானே திறக்கிறேன் சார்."

தொழிற்சாலைக் கத்தி மேஜையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பையிலிருந்து அந்தச் சின்ன வெட்டுக்கத்தியை எடுத்தாள். காம்பு முழுக்கப் பழுப்பு, முனை மட்டும் கூர். ஆள்காட்டி விரலில் ஆரம்பித்தாள். முனை பட்டதும் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வந்து தகட்டில் நின்றது. அது அவருடைய வியர்வை இல்லை. இரண்டு வருஷக் கடற்காற்றிலிருந்து அவருடைய உப்பு இழுத்துச் சேர்த்துவைத்த தண்ணீர். அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் துடைக்கக் கை வரவில்லை. இன்ஜினியர் அவசரப்படுத்தாமல் நின்றார். அது தானாக வழிந்து மேஜையில் விழுந்த பிறகு, சுற்றி வெட்டிப் பூச்சை உரித்தாள். அடியில் பழுப்பாக ஒரு விரல். ரேகையெல்லாம் இல்லை, மணலடித்த சொரசொரப்பில் ரேகை நிற்காது. விரல் மட்டும்தான். அடுத்து மோதிர விரல், அடுத்து சுண்டு விரல், அது வழக்கம்போலக் கொஞ்சம் வளைந்திருந்தது. திருப்பிக் கட்டைவிரலையும் திறந்தாள். திறந்துகொண்டே வந்தவளுக்கு, அந்தக் கை எந்த நேரத்திலும் மூடிக்கொள்ளும் என்று தோன்றியது.

இன்ஜினியர் பக்கத்தில் பூச்சு நன்றாக இருந்த இடத்தில் தொழிற்சாலைக் கத்தியை வைத்து நெம்பிப் பார்த்தார். பலம் கொடுத்து நெம்பினார். கத்திதான் வளைந்தது. அவள் உரித்த இடத்தில், விரலுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் இரும்பு பளபளவென்று புதுசாக இருந்தது.

"இந்தத் தகடு கணக்கில இல்ல. மத்ததெல்லாம் சுத்தம்" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "வீட்டுக்காரர் இப்ப என்ன பண்றாரு?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் வந்தன. சீக்கிரம் சார் முதல் தடவையாக அவசரமில்லாமல் அவளை வாழ்த்தினார். விதியை மீறியதற்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு என்றார், அதையும் அவசரமில்லாமல்தான் சொன்னார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மாவா சொன்னார்கள், மச்சான் சரியான இடத்தில்தான் உப்பைப் போட்டிருக்கிறார் என்று மணலண்ணன் காதில் கிசுகிசுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் தள்ளிய வண்டி ஊர் வந்து நின்றதுபோல இருந்தது, கை மட்டும் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. கழித்த தகட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

தகடு மிஷின்மேல் மறுபடி வந்து உட்கார்ந்தது. அவள் சொன்னபடியேதான் நடந்தது. முதல் இரண்டு நாள் விரல்கள் தெளிவாக இருந்தன. பிறகு ஓரங்கள் மங்க ஆரம்பித்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் ஒன்றோடொன்று கலக்கப் பார்த்தன. மகள் செல்போனில் படம் எடுத்துவைத்தாள். படத்தில் அது வெறும் துருவாகத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒரு சின்னக் கிண்ணத்தில் தன் பிசினையும் மருந்தையும் கலந்தாள். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துருவுக்கு மேல பூசக் கூடாதுன்னு நீதானேம்மா எல்லாருக்கும் சொல்லுவ?"

"ஆமா, கூடாதுதான்."

"நிக்குமா?"

"நிக்காது" என்று சொல்லிவிட்டு அவள் தூரிகையை நனைத்தாள். நிறம் எதுவும் சேர்க்காத பூச்சு, தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. விரல்களின்மேல் மெதுவாக, விளிம்பு வரை, இரண்டு பக்கமும் பூசினாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாகப் பூசியதில்லை. இவ்வளவு தப்பாகவும் பூசியதில்லை.

அந்தப் பூச்சு பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். நன்றாக இறுக மிஞ்சிப் போனால் ஒரு வாரம். இரண்டு வாரம் கழித்து, முன் அறைக்கு வர வேண்டிய செல்போன்காரர் மறுபடி வந்து கேட்டுவிட்டுப் போனார். மகள் மிஷின் பக்கம் போனாள். தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை, கல்லுபோல இருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, தகட்டை எடுத்து உள்ள வச்சிட்டு மிஷினை நகத்திடலாமா? காய்ஞ்சிடுச்சுல்ல?"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"இன்னும் காயல" என்றாள் அவள்.